நன்றி வரியில் மாப்பிள்ளை பெயர்

என் மகளுக்கு,

நம் வீட்டுக் கடிதங்கள் எப்போதும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லித்தான் ஆரம்பிக்கும். இந்தக் கடிதத்துக்குள் அவரை இழுக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் மன்னிக்கச் சொல்வார். மன்னிக்கிற நிலையில் நான் இல்லை. அதனால் அவரைக் கொஞ்ச நேரம் வாசலில் நிற்க வைத்துவிட்டு எழுதுகிறேன். கவரையும் ஒட்டவில்லை. கல்யாணப் பத்திரிகை எப்படித் திறந்தபடி ஊர் ஊராகப் போகிறதோ அப்படியே இதுவும் பெங்களூருக்கு வரட்டும். உன் ஆய்வுக்கூடத்தில் யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். ரூபன் படித்தால் இன்னும் நல்லது. மாப்பிள்ளையை அவன் இவன் என்று எழுதுகிறேனே என்று வருத்தப்படாதே. இன்னும் மாப்பிள்ளை ஆகவில்லை.

பெண் வீட்டுப் பத்திரிகையை நான் அடித்த விதத்தைப் பார்த்து ஊரே குழம்பிக் கிடக்கிறது. உன் பெயர் பெரிய எழுத்தில், படிப்போடு இருக்கிறது. என் பெயர், காலம் சென்ற உன் அப்பா பெயர், ஆலயத்தின் பெயர், நேரம் எல்லாம் சரியாக இருக்கிறது. மணமகன் பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், 'பயனுள்ள உரையாடல்களுக்காக ராணிப்பேட்டை திரு. ரூபன் அவர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி. நம் சபைப் போதகர் ஐயர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பொண்ணு யாரைத்தான் கட்டிக்குது?" என்று கேட்டார். கீழே இருக்கிறது பாருங்கள் ஐயரே என்றேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அச்சகத்தில் பஷீர் பாயும் கேட்டார். "இன்னாக்கா, மாப்ள பேரு கீழ பூட்ச்சே? எழுத்து வேற இவ்ளோ கம்மி சைஸ்ல இருக்குது?" என்றார். "அவருக்கு அந்த சைஸ் போதும் பாய்" என்றேன். "பேஜார் ஆய்டும்க்கா" என்றார். "ஆவட்டும், நீங்க அடிங்க" என்றேன். அடித்தார். சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் முதல் கட்டு உன் ஆய்வுக்கூடத்துக்குத்தான் போனது. உன் பேராசிரியருக்குத் தனியாக ஒன்று, மஞ்சள் தடவாமல். நமக்கு மஞ்சள் வழக்கம் இல்லை என்றாலும் அவருக்கு எதையாவது குறைத்து அனுப்ப வேண்டும் போல இருந்தது.

பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனால் உன் அம்மா எங்கே வேலை பார்க்கிறாள் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார். ஷூவின் மேல் பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். எங்கள் செக்ஷனில் தைக்கிற ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர். தைத்து முடித்ததும் உள்பக்கத்துத் துணியில் வெள்ளிநிற மை பேனாவால் அந்த நம்பரைப் போட வேண்டும். தையல் கோணினால் அந்த நம்பர்க்காரிக்குத் திட்டு. நன்றாக வந்தால் அந்த நம்பர்க்காரிக்குப் பேர். சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குள் ஆயிரம் சண்டை வரும். ஜாதிச் சண்டை, சபைச் சண்டை, குழம்புச் சண்டை எல்லாம் வரும், சாயந்திரம் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். அடுத்தவள் தைத்ததில் தன் நம்பரைப் போடுகிறவளை மட்டும் யாரும் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டோம்.

சரோஜாவை உனக்கு ஞாபகம் இருக்கும். நான் தைத்த சாம்பிள் ஜோடியில் என் நம்பரை மை கரைக்கிற சொல்யூஷன் தொட்டு அழித்துவிட்டுத் தன் நம்பரை எழுதினாளே, அவள்தான். சரக்கு வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் அந்த ஜோடியைத் தூக்கிப் பிடித்துப் பாராட்டினார். அவளை சாம்பிள் ரூமுக்கு மாற்றினார்கள். அங்கே மின்விசிறி, நாற்காலிக்கு மெத்தை. அந்த ஆள் மறுபடி வருகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வந்தார். கண் முன்னால் ஒரு ஜோடி தைத்துக் காட்டச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சரோஜாவே தைக்கட்டும் சார், போன தடவை நீங்க மெச்சினது அவ தைச்சதுதானே" என்றேன், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி. அவளுக்கு வளைவில் ஊசி உடைந்தது. இன்னொரு ஊசி போட்டாள், அதுவும் உடைந்தது. மறுநாள் பழைய மிஷினுக்கே வந்துவிட்டாள். அன்றைக்கு வீட்டில் நான் பாயசம் வைத்தேன். நீ பள்ளிக்கூட யூனிபார்மோடு உட்கார்ந்து, "பாவம்மா அந்த ஆன்ட்டி" என்று பாயசத்தைத் தொடாமல் எழுந்து போனாய். அன்றைக்கே எனக்குப் பயம் வந்துவிட்டது. உன்னை யார் வேண்டுமானாலும் ஏமாற்றுவார்கள், நீ அவர்களுக்கே பாவம் பார்ப்பாய்.

சரி, இப்போது அப்பாவிடம் வருகிறேன். நீ ஆராய்ச்சியில் சேர்ந்து, விண்ணில் சுற்றுகிற எக்ஸ்ரே தொலைநோக்கி அனுப்பிய விவரங்களைப் பார்க்க ஆரம்பித்திருந்த காலம். அப்பாவுக்கு நுரையீரல் கெட்டு, வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். தோல் பதனிடும் ஷெட்டில், தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம்மை ஓட்டியே ஆயுளைக் கழித்த மனுஷன், படுக்கையில் கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல் தவித்தார். நீ பெங்களூரிலிருந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேட்காமலே உன் நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னாய். செத்துப்போன ஒரு பெரிய நட்சத்திரத்தின் இறுகிப்போன உள்கரு அது. வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவில் அடங்கிவிடும், எடை மட்டும் சூரியனைவிட ஜாஸ்தி. கூடவே ஒரு துணை நட்சத்திரம் சுற்றுகிறது. அந்தத் துணையிடமிருந்து வாயுவை உறிஞ்சி உறிஞ்சி இது தன்மேல் போட்டுக்கொள்கிறது. விழுகிறதெல்லாம் இதைச் சுழற்றிவிட்டுக்கொண்டே இருக்கிறது. மேலே சேர்ந்தது அளவு மீறினால் ஒரே மூச்சில் பற்றிக்கொள்கிறது. சில விநாடிகள் எக்ஸ்ரேயாகப் பொங்கி அடங்குகிறது. பிறகு மறுபடி சேர்க்க ஆரம்பிக்கிறது.

"அது சுத்துதுன்னு எப்டிம்மா தெரியும்?" என்று அப்பா கேட்டார். உங்கள் டிரம்மை வைத்தே சொல்கிறேன் என்றாய். டிரம் சுற்றும்போது அதன் கதவு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை மேலே வருகிறது இல்லையா, அது மாதிரி தீப்பிடித்த இடம் நம் பக்கம் திரும்பும்போதெல்லாம் வெளிச்சம் ஏறும், அந்தப் பக்கம் போனால் இறங்கும். பொங்குகிற நேரத்தில் அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் சுழற்சி தெரிந்துவிடும் என்றாய். எவ்வளவு ஸ்பீடு என்றார். ஒரு விநாடிக்கு முன்னூறு தடவைக்கு மேலே என்றாய். அப்பா ஆக்சிஜன் குழாயைக் கையால் தள்ளிவிட்டு, "ஐயோ, பெல்ட் அறுந்துடாதா?" என்றார். எவ்வளவு நாள் கழித்து அந்த வார்டில் சிரித்தோம்.

"இது புஸ்தகத்துல இருக்கறதா?" என்று கேட்டார். மற்ற நட்சத்திரங்கள் சிலவற்றில் பார்த்திருக்கிறார்கள், இந்த ஒன்றில் இதுவரை யாரும் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன் என்றாய். அவ்வளவுதான். காலையில் ஊசி போட வருகிற சிஸ்டரிலிருந்து பக்கத்துக் கட்டில்காரரின் மச்சான் வரைக்கும் எல்லோரிடமும் அவர் அதையே சொன்னார். என் பொண்ணு ஒரு நட்சத்திரத்தோட ஸ்பீடைக் கண்டுபிடிச்சிருக்கு. மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். அதைச் சொல்லிக்கொண்டேதான் அவர் போனார் என்பதை நான் மறக்க மாட்டேன். உன் நல்ல மனசு அதை மறக்கச் சொல்லி என்னிடம் வரக்கூடாது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் இருந்தது. அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு நீ அங்கே ஓடுவாய். நான் கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். எனக்கு இங்கிலீஷ் கம்மிதான், ஆனால் உன் ஆய்வுக்கூடத்தில் கூட வேலை செய்த ரூபனிடம் நீ தமிழில்தான் பேசினாய். "ஒரு தடவை பொங்கும்போது சுழற்சி கிடைச்சுது, மத்த தடவை கிடைக்கலன்னு விட்டுடாதீங்க. அது ஒரே இடத்துல நிக்காது ரூபன். பொங்கி அடங்கும்போது வேகம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். அந்த ஏத்தத்தையும் சேர்த்துத் தேடுங்க, எல்லாத்துலயும் கிடைக்கும்" என்றாய். அவன் அந்தப் பக்கம் ஏதோ கேட்டான். நீ பொறுமையாக, சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, மறுபடி முதலிலிருந்து சொன்னாய். மறுநாளும் சொன்னாய். நான் அந்த ஒரு விஷயத்தை நின்று கேட்டே பாடமாக்கிவிட்டேன். அடுத்தவள் சொல்வதைக் கேட்டுத் தையல் போடுகிறவளும் தைத்தவள்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தைப்பதற்கு முன்னால் பேட்டர்ன் என்கிற அளவு மாதிரியை வெட்டிக் கொடுத்தவளை ஃபேக்டரியை விட்டே அனுப்ப முடியாது.

அப்பா அடக்கத்துக்கு ரூபன் வந்தான். பெட்டிக்குத் தோள் கொடுத்தான். மழையில் நனைந்தபடி கல்லறைத் தோட்டத்தில் கடைசிவரை நின்றான். எனக்குப் பிடித்துப்போனது. நல்ல பையன், ராணிப்பேட்டைப் பக்கம்தான் என்று நானே உன்னிடம் சொன்னேன். அப்புறம் நீங்கள் இருவரும் விரும்புகிறீர்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ மட்டும் வர வர மெலிந்தாய். ஆராய்ச்சி எப்போது முடியும் என்றால் தலைப்பை மாற்றிவிட்டார்கள் என்பாய், புதிய தலைப்பில் ஒன்றும் நகரவில்லை என்பாய். ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுவாய்.

அதற்கு விடை நிச்சயதார்த்தத்தன்று, ராணிப்பேட்டையில், அவன் அம்மா வாயிலிருந்து வந்தது. கேசரித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, ஷோகேஸிலிருந்து ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகையை எடுத்து வந்தார்கள். "எங்க ரூபன் எழுதினது பாருங்க. இதுக்குத்தான் அவனை ஃபாரின்ல கூப்புடறாங்க" என்றார்கள். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். தலைப்புக்குக் கீழே ரூபன் பெயர், அடுத்து பேராசிரியர் பெயர். உன் பெயரைத் தேடினேன். அந்த அம்மாள் நான் தேடுவதைப் பார்த்துவிட்டு, மனசாரச் சந்தோஷப்பட்டு, கடைசிப் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினார்கள். "பாப்பா பேரும் போட்டிருக்கான் பாருங்க, மறக்கல." பயனுள்ள உரையாடல்களுக்கு நன்றி என்று இருந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குத் தெரியாது. கேசரியை விழுங்கிவிட்டு மோதிரம் மாற்றுவதைப் பார்த்தேன்.

பஸ்ஸில் வரும்போது உன்னிடம் கேட்டேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பி, "விடும்மா, அங்கல்லாம் அப்டித்தான்" என்றாய். நீ அடக்கத்துக்காக ஊரில் இருந்த நாட்களிலேயே அந்தக் கட்டுரையை எழுதி அனுப்பிவிட்டார்களாம். திரும்பிப் போனபோது உன் தலைப்பு முடிந்த கதையாம். இனி அவனோடு வெளிநாடு போவாயாம், படிப்பை அப்படியே விட்டுவிடுவாயாம், அங்கே போய் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் சொல்கிறானாம். ஏதாவது! துணை நட்சத்திரத்துக்குக் கடைசியில் என்ன ஆகும் என்று அப்பாவிடம் நீ சொல்லவில்லை. எனக்கு நீ சொல்ல வேண்டியதில்லை. பஸ் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் நான் கல்யாணப் பத்திரிகையை எப்படி அடிப்பது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

பத்திரிகை கிடைத்ததும் ரூபன் என்னைத் தேடி வந்தான். சாப்பாட்டு நேரத்தில் ஃபேக்டரி கேட்டில் நின்றான். முகம் வெளுத்திருந்தது. எங்கள் செக்ஷன் பெண்கள் டிபன் பாக்ஸோடு தள்ளி நின்று பார்த்தார்கள். நான் அவனை நிழலுக்குக்கூடக் கூப்பிடவில்லை.

"ஆன்ட்டி, இதைத் திரும்ப அடிச்சுடலாம். நானே பார்த்துக்கறேன்" என்றான்.

"அந்தப் பேப்பரையும் திரும்ப அடிச்சுடலாமா தம்பி?"

"அது பிரிண்ட் ஆய்டுச்சு ஆன்ட்டி. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

"இதுவும் பிரிண்ட் ஆய்டுச்சு."

அவன் பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்தான். பிறகு, "நான் திருடல ஆன்ட்டி. அவ ஊர்ல இருந்தப்போ வேலை நின்னுடக் கூடாதுன்னு முடிச்சேன். யார் பேர் போடறதுன்னு சார்தான் சொன்னார்" என்றான்.

"சார் சொன்னார். அவ பேர் எங்கன்னு நீங்க கேட்டீங்களா?"

தரையைப் பார்த்தான். நான் விடவில்லை. "என் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கினீங்களே, அப்பவே அது தபால்ல போய்ட்டுதா, இல்ல அதுக்கப்புறமா?" என்று கேட்டேன். அவன் கண் கலங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை என்பதை உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். வயிறு குளிர்ந்தது. அவன் முட்டாள் இல்லை, புத்திசாலி. தானே உழைத்து ஒன்றைக் கண்டுபிடிக்கிற திறமை இருக்கிறவன். எடுக்க வேண்டிய அவசியமே இல்லாதவன் எடுத்தான் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. சங்கு ஊதியதும் அவனை அங்கேயே நிற்க வைத்துவிட்டு உள்ளே போனேன். பக்கத்து மிஷின் மும்தாஜ் என் கையைப் பிடித்து, "இன்னாக்கா, மாப்ளைய அழ வெச்சுட்டே" என்றாள். இன்னும் கொஞ்சம் அழட்டும் என்றேன்.

அன்று சாயந்திரம்தான் நீ பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் செய்தாய். இத்தனை வருஷத்தில் உன் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தும் அந்த வீட்டில் எல்லோருக்கும் கேட்டது. "ஏம்மா என்னை அசிங்கப்படுத்தறே? அதைக் கண்டுபிடிச்சது நான். ஏறுது, ஒரே இடத்துல நிக்கலன்னு புரிஞ்சுக்கிட்டது நான். அதுல என் பேர் இல்லாததைப் பார்த்து எத்தனை நாள் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டு அழுதேன்னு உனக்குத் தெரியுமா? எனக்கு இல்லாத கோபமா உனக்கு? என் சண்டையைப் போட நீ யாரு?" என்றாய். பிறகு வைத்துவிட்டாய். பக்கத்து வீட்டு அம்மாள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், நான் உடைந்துபோயிருப்பேன் என்று நினைத்து. நான் சிரித்ததைப் பார்த்து அவர்கள் பயந்துவிட்டார்கள்.

என்னை நீ இன்னும் திட்டலாம். உறவுக்காரர்கள் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் பெண்ணே, அத்தனையையும் தப்பான நம்பருக்குச் சொல்லிவிட்டாய். என்னிடம் கத்தியதை, ஒரு வார்த்தை குறைக்காமல், அதே குரலில், ரூபனிடம் போய்க் கத்து. கதவைத் தட்டிவிட்டு உன் பேராசிரியரிடமும் கத்து. பெயரை அவர்கள் திருத்துகிறார்களா, திருத்த மாட்டார்களா, விட்டுப்போன படிப்பை நீ எங்கே முடிக்கப்போகிறாய், இதெல்லாம் அப்புறம் வருகிற விஷயம். அவன் அதைக் கேட்டுவிட்டும் உன்னைக் கட்டிக்கொள்ள நிற்கிறான் என்றால், நீயும் சொல்லிவிட்டும் அவனைக் கட்டிக்கொள்ள விரும்புகிறாய் என்றால், நான் யார் குறுக்கே நிற்க? பஷீர் பாயிடம் போய் அவன் பெயரை உன் பெயர் அளவுக்கே பெரிதாகப் போட்டு வேறு பத்திரிகை அடித்து வாங்கிவருகிறேன்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். அப்பா இல்லை. ஆலயத்தில் உன் கையைப் பிடித்து அவன் கையில் கொடுக்க வேண்டியவள் நான். சொல்லிவிட்டு வா, கொடுக்கிறேன். சொல்லாமல் வந்தால், ஐயர் எத்தனை தடவை கூப்பிட்டாலும், அந்தக் கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தாலும், நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

உன் அம்மா